அடிபட்ட ஆமையைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப: மலையடிவாரத்துக்கு ஒரு வழிகாட்டி

மசினகுடி ரோட்டிலோ பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிப் பக்கமோ வண்டியில் அடிபட்ட ஆமை கிடைத்தால், அக்கறையுள்ளவர்கள் அதை அட்டைப்பெட்டியில் வைத்து நேராக ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்றிவிடுகிறார்கள். மேலே டாக்டர் இருப்பார், வைத்துக் கவனிக்க இடம் இருக்கும், ஆர்வமுள்ள ஆட்களும் இருப்பார்கள். ஆமைக்கு முதலில் வேண்டிய சூடு மட்டும் அங்கே கிடைக்காது.

ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியிருக்கும் சூடு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் புண் ஆறும் வேகமும். ஊசி போட்ட மருந்து உடம்பில் பரவுவதும் அதைப் பொறுத்ததே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். மசினகுடி ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேரும் ஆமை, கீழே இருந்ததைவிட ஏழெட்டு டிகிரி கூடுதல் குளிரில் இறங்குகிறது. ஜனவரி உறைபனி இரவில் சூடில்லாத அறையில் வைத்தால் எந்த டாக்டர் பார்த்தும் பயனில்லை. எனவே முடிந்தவரை ஆமையைக் கிடைத்த உயரத்திலேயே வைத்துப் பாருங்கள். எக்ஸ்ரேவுக்கோ அறுவைக்கோ மேலே போயே ஆக வேண்டுமென்றால், சூட்டோடு கொண்டுபோய்ச் சூட்டோடு கீழே கொண்டுவாருங்கள்.

இந்தக் குறிப்புகள் வனத்துறை அனுமதியோடு, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு. வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு அல்ல.

எந்த ஆமை, யாருடைய ஆமை

அடிவாரத்தில் பெரும்பாலும் கைக்கு வருபவை மூன்று. சீகூர், மோயாறு பக்கத்து முட்புதர்க் காட்டிலும் பழனி மலையின் வறண்ட அடிவாரத்திலும் நட்சத்திர ஆமை. மேடாக உயர்ந்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரியும், கால்கள் தூண்போல் இருக்கும். இது தரையில் வாழ்வது, நீந்தாது. குளம், வாய்க்கால், அணைக்கட்டு ஓரங்களில் கறுப்பு ஆமை. ஓடு கரும்பழுப்பாக இருக்கும், முதுகில் நீளவாட்டில் மூன்று வரம்புகள் ஓடும். மூன்றாவது பாலாமை. ஓட்டின்மேல் தோல் போர்த்தியதுபோல் இருக்கும், கழுத்து நீளும், நன்றாகக் கடிக்கும். அதைத் தூக்கும்போது ஓட்டின் பின்பாதியை இரு பக்கமும் பிடியுங்கள். முன்பாதியில் கை வைத்தால் கழுத்தைப் பின்னால் வளைத்து விரலை எட்டிவிடும்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது நம் ஊர் ஆமையே அல்ல. அமெரிக்காவிலிருந்து வளர்ப்புக் கடைகள் வழியாக வந்த செங்காது ஆமை. ‘பாவம், தண்ணீரில் விட்டுவிடலாம்’ என்று ஏரியில் விட்டால் உள்ளூர் ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

உள்ளூர் ஆமைகளுக்கு 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் காவல். கைக்கு வந்த காட்டு உயிர் அரசுச் சொத்து. 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். எழுத்தில் சொல்லுங்கள்: ரேஞ்சர் அலுவலகத்தில் ஒரு தாளில் நாள், நேரம், இடம், எடை, காயம் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தை மொபைலில் பின் போட்டு வைப்பது அதைவிட முக்கியம். இரண்டு மாதம் கழித்து ‘ரோட்டோரம்தான் எங்கேயோ’ என்று சொன்னால் எங்கே திருப்பி விடுவது?

ரோட்டைக் கடக்கும் ஆமை எல்லாம் நோயாளி இல்லை. நடை சீராக, கண் தெளிவாக, காயமில்லாமல் இருந்தால், அது எந்தப் பக்கம் பார்த்துப் போனதோ அந்தப் பக்கமே தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வந்த பக்கமே திருப்பி வைத்தால் மறுபடி கடக்க வரும்.

முதல் ஒரு மணி நேரம்

காற்றோட்டத் துளையுள்ள, ஆமை திரும்பும் அளவு மட்டுமே உள்ள பெட்டி எடுங்கள். அடியில் மடித்த துணி. தண்ணீர் ஆமையாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயங்கிய ஆமை நாலு விரல் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். ஈரத்துணி போர்த்தினால் போதும். கவிழ்த்தோ செங்குத்தாகவோ பிடிக்காதீர்கள். ஆமைக்கு நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கிறது, உதரவிதானம் கிடையாது. கவிழ்த்தால் குடலும் ஈரலும் நுரையீரலை அழுத்தும். கை கால் அசைவும் மூச்சுக்கு உதவுவதால், கட்டுப் போடும்போது கால்களை இறுக்கிக் கட்டவும் கூடாது.

அசைவே இல்லாவிட்டாலும் செத்துவிட்டது என்று அவசரமாக முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த ஆமையின் இதயம் மிக மெல்லத் துடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சூட்டில் வைத்துச் சில மணி நேரம் பாருங்கள்.

வலையில் சிக்கி மூழ்கிய பாலாமையும் கறுப்பு ஆமையும் தனிக்கதை. தலை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்திப் பிடித்து, கழுத்தை மெல்ல நீட்டினால் வாயில் நிற்கும் தண்ணீர் வடியும். பிறகு முன்கால்களை மெதுவாக உள்ளே தள்ளி வெளியே இழுங்கள், காற்று உள்ளே போய் வரும். கடலோரத்தில் இழுவலையில் மாட்டிய கடலாமைக்கும் பின்பக்கத்தை உயர்த்தி வைப்பதுதான் முதலுதவி. உணர்வு வந்துவிட்டதே என்று உடனே தண்ணீரில் விடாதீர்கள். குறைந்தது ஒரு நாள் உலர்ந்த இடத்தில் பாருங்கள். நுரையீரலில் தங்கிய தண்ணீர் ஓரிரு நாளில் நிமோனியாவாக மாறலாம்.

பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி போன்ற அணைகளில் தூண்டில் போடுகிற இடங்களில் வாயில் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கும் ஆமை வரலாம். இழுக்காதீர்கள். தூண்டில் முள் தொண்டையிலோ குடலிலோ குத்தியிருந்தால் இழுத்த இழுப்பில் கிழித்துவிடும். நரம்பை ஒரு முழம் விட்டு வெட்டி, நுனியை ஓட்டில் டேப்பால் ஒட்டி, எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். நரம்பையும் சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் சுருங்கி மடிந்துபோகும். அப்புறம் முள்ளை எடுப்பதே சுலபமான வேலையாகத் தெரியும்.

சூட்டுப் பெட்டி

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். இரண்டரை கிலோ வரையுள்ள ஆமைக்கு 90க்கு 60 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் டப் போதும், சுவர் 40 சென்டிமீட்டராவது இருக்கட்டும். நட்சத்திர ஆமைக்கு அடியில் செய்தித்தாள். மணல் வேண்டாம், இரையோடு தின்று குடல் அடைக்கும். ஒரு ஓரத்தில் ஒளிந்துகொள்ளப் பாதி உடைந்த மண்பானை. மறு ஓரத்துக்கு மேலே 60 வாட் குண்டு பல்பு, ஓட்டின் உச்சியிலிருந்து 30 முதல் 35 சென்டிமீட்டர் உயரத்தில். எல்இடி பல்பு சூடு தராது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பல்பைக் கயிற்றில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டுங்கள். கயிறு கருகி பல்பு செய்தித்தாளில் விழுந்தால் டப்போடு போய்விடும்.

தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். சூடான மூலையில் ஒன்று, குளிர்ந்த மூலையில் ஒன்று, இரண்டும் ஆமையின் முதுகு உயரத்தில். சுவரின் மேல்விளிம்பில் ஒட்டிய தெர்மாமீட்டர் காட்டும் கணக்கு ஆமைக்குச் சம்பந்தமில்லாதது. நட்சத்திர ஆமைக்குப் பல்படியில் 32 முதல் 34, மறு ஓரம் 27, இரவில் 25க்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர் ஆமைகளுக்குக் காற்றும் தண்ணீரும் 26 முதல் 29. இரண்டு ஓரத்துக்கும் வித்தியாசம் இருப்பது அவசியம். எவ்வளவு சூடு வேண்டும் என்று ஆமை தானே நகர்ந்து தேர்ந்துகொள்ளும். ஒரே மூலையில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கணக்கு தப்பு. இரவில் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். ஒளி வராத செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள்.

குளிரில் விறைத்து வந்த ஆமையை எடுத்த எடுப்பில் 32 டிகிரியில் வைக்காதீர்கள். நான்கைந்து மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

மலையில் கரண்ட் போவதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றடித்து யூகலிப்டஸ் கிளை கம்பியில் விழுந்தால் இரவு முழுக்க இருட்டுதான். சுடுதண்ணீர்ப் பை இரண்டை டவலில் சுற்றி டப்பின் இரு பக்கமும் வைத்து மேலே கம்பளி போர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். குளிருக்குக் கரி மூட்டும் சட்டியை அந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மூடிய அறையில் கரிப்புகை மனிதனையே கொல்லும்.

ஈரமும் ஒரு பகை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் துணிகூடக் காயாது. வறண்ட காட்டுக்காரனான நட்சத்திர ஆமைக்கு அந்த ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி இழுப்பு என்று நிமோனியா தொடங்கிவிடும். செய்தித்தாளைத் தினம் மாற்றுங்கள்.

தண்ணீர் முதலில், தீனி பிறகு

வந்த அன்று தீனி வைக்காதீர்கள். உடம்பு குளிர்ந்து வறண்டிருக்கும்போது உள்ளே போன தீனி செரிக்காமல் அழுகும். முதலில் சூடு, அடுத்து நீர், மூன்றாவதாகத்தான் இரை. குழிந்த கண், வாயில் நூலாக இழுக்கும் எச்சில், கிள்ளினால் மெல்லத் திரும்பும் கழுத்துத் தோல் எல்லாம் நீர் வறட்சியின் அடையாளம். சிறுநீரோடு வரும் வெள்ளைக் களிம்பு இயல்பானது. அது மணல்போல் நறநறவென்று இருந்தால் வறட்சி கடுமை.

ஓடு உடையாத ஆமையை 28 முதல் 30 டிகிரி தண்ணீரில், மேலோடும் அடி ஓடும் சேரும் விளிம்பு வரை மட்டும் நனையும்படி, 20 நிமிடம் ஊறவிடுங்கள். முதல் வாரம் தினம் இருமுறை. மூக்கு எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். பெரும்பாலானவை இதிலேயே குடித்து, கழித்துவிடும், ஆகவே தண்ணீரை ஒவ்வொரு முறையும் கொட்டுங்கள். ஊறவைத்தது போதாவிட்டால் டாக்டர் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார். வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது 800 கிராம் ஆமைக்கு 8 முதல் 16 மில்லி. அதையும் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். ‘பாவம், வற்றிப்போயிருக்கிறது’ என்று அதிகம் ஏற்றினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

உடைந்த ஓடு

ஓடு நகம்போல் உணர்வற்ற பொருள் என்று நினைப்பதிலிருந்துதான் தப்பு தொடங்குகிறது. அது உயிருள்ள எலும்பு, ரத்தம் ஓடும், வலிக்கும். முதுகெலும்பு மேலோட்டோடு ஒட்டியிருப்பதால், நடு முதுகில் விழுந்த அடி பின்கால்களை முடக்கலாம். விரிசலில் குமிழி வந்தால் நுரையீரல் திறந்திருக்கிறது என்று பொருள். அந்த ஆமையை ஊறவைக்கவே கூடாது, காயத்துக்குள் திரவத்தைப் பீய்ச்சவும் கூடாது.

மற்றபடி 0.9 சதவீத சலைன் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, 20 மில்லி சிரிஞ்சால் அழுக்கு வெளிப்பக்கமாக ஓடும்படி கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினைப் பால் சேர்க்காத இளம் தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து ஒற்றுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். காஸ் துணி வைத்து, காற்றுப் போகும் டேப்பால் ஒட்டுங்கள். முதல் வாரம் தினம் கட்டு மாற்றுங்கள். சேர்ந்து நிற்காத துண்டுகளை டாக்டர் கம்பியோ தகடோ வைத்து இழுத்துச் சேர்ப்பார்.

எம்-சீல், ஃபெவிக்விக் போட்டு விரிசலை அடைத்து வரும் ஆமைகள் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் அழுக்கை உள்ளே வைத்து மூடினால் சீழ் வெளியே வர வழியில்லை. ஆமையின் சீழ் நீராக ஓடாது, பனீர்போல் கட்டியாகும், தானாக வடியாது. மாதம் கழித்துப் பசையைப் பெயர்த்தால் அடியில் எலும்பே அரித்திருக்கும். கண்ணுக்குப் பின்னால், காது இருக்கும் இடத்தில் வீங்கும் கட்டிக்கும் இதே காரணத்தால் ஊசியால் குத்திப் பயனில்லை, கீறி எடுக்க வேண்டும்.

புழு விழுந்திருந்தால் மாட்டுக்குச் செய்கிற மாதிரி டர்பன்டைன் ஊற்றுவது அடிவாரத்தில் பழக்கம். ஆமைக்கு அது விஷம். பினாயில் தெளித்த தரையும் அப்படியே. சலைனில் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள், முட்டைகள் பொரித்திருக்கும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஐவர்மெக்டின். ஆடு மாடு நாய்க்குப் பூச்சிக்கும் புழுவுக்கும் கைவசம் இருக்கும் மருந்து, ஆனால் ஆமையின் நரம்பு மண்டலத்தை முடக்கிக் கொன்றுவிடும். ஆமை பார்த்துப் பழகாத டாக்டரிடம் போகும்போது தயங்காமல் நினைவூட்டுங்கள். ஊசியை முன்காலில் போடக் கேளுங்கள். பின்காலில் போட்ட மருந்து ரத்தத்தோடு முதலில் சிறுநீரகம் வழியாகப் போகிறது.

அடிபட்டது பெண் ஆமை என்றால் எக்ஸ்ரேவில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டுக்கு வந்ததே முட்டையிட இடம் தேடித்தானோ என்னவோ.

ஓடு கூடிவர மாதக் கணக்காகும். மெல்லிய ஓடு விரைவில் கூடும், பெரிய விரிசலுக்கு ஓராண்டையும் தாண்டலாம். தண்ணீர் ஆமைக்கு ஓடு திறந்திருக்கும்வரை உலர் வாசம்தான்: டாக்டர் அனுமதித்த பிறகு இரை எடுக்க மட்டும் தினம் ஒரு மணி நேரம் தண்ணீர், பிறகு துடைத்து உலர் டப். பாலாமையின் தோல் சீக்கிரம் வறண்டு வெடிக்கும், காயமில்லாத இடங்களை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

சாய்ந்து மிதக்கும் தண்ணீர் ஆமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மேலெழுந்து, முங்க முயன்றும் முடியாமல் இருந்தால் ஒரு நுரையீரலில் நோயோ குடலில் வாயுவோ இருக்கலாம். கடலாமைகளிலும் இந்த மிதப்பு பெரிய தலைவலி. ஓட்டில் பளு கட்டி முங்கவைத்துக் காரணத்தை மறைக்காமல், எக்ஸ்ரே எடுங்கள்.

தீனி

நட்சத்திர ஆமைக்கு அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முருங்கை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. நார் அதிகம், கால்சியம் நல்லது. பாலக், பசலை தினம் வேண்டாம், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். சாதம், ரொட்டி, பால், பிஸ்கட் கூடவே கூடாது. வீட்டில் சோறு தின்று வளர்ந்த நட்சத்திர ஆமையின் ஓடு பெரும்பாலும் இயல்பைவிட அதிகமாகக் கூம்பு கூம்பாக மேடு தட்டியிருக்கும். கறுப்பு ஆமைக்கு மண்புழு, நத்தை, நீர்ச்செடி, கனிந்த பழத்துண்டு. பாலாமைக்கு முள்ளோடு சிறு மீன், நத்தை. மீன் வெறும் சதையாகக் கொடுத்தால் கால்சியம் கிடைக்காது.

வெயில் தினம் காலை அரை மணி, பாதி நிழலோடு. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் வராது, வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மூடுபனி வாரக்கணக்கில் விலகாத பருவத்தில் அந்தக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு தேவை.

தினம் ஒரே நேரத்தில், தீனிக்கு முன், ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை பாருங்கள். எடை, இரு மூலைச் சூடு, தின்றது, கழித்தது என்று ஒரே நோட்டில். ஒரு வாரத்தில் எடை 5 சதவீதம் குறைந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள். தொட்டபிறகு சோப்பால் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி நலமான ஆமையிலும் இருக்கும், சமையலறைத் தொட்டியில் எதையும் அலசாதீர்கள்.

திருப்பி விடுதல்

மருந்து நின்று மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும், எடை நிலைத்திருக்க வேண்டும், தானே தேடித் தின்ன வேண்டும். தண்ணீர் ஆமை நேராக மிதந்து நேராக முங்க வேண்டும், நட்சத்திர ஆமை நாலு காலையும் ஊன்றி வயிறு தரையில் இழையாமல் நடக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் செயற்கைச் சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, விடப்போகும் உயரத்திலேயே வலைபோட்ட வெளிக்கூண்டில் இரவும் பகலும் இருக்கட்டும். பல்படியிலிருந்து நேரே மார்கழிப் பனிக்கு அனுப்புவதில் நியாயமில்லை. கூண்டின் வலையை ஓரடி மண்ணில் புதையுங்கள். புதைக்காவிட்டால் உள்ளே கீரி வரும்.

விடும் இடம், மொபைலில் பின் போட்ட அதே இடம். ரோடுதான் அடித்தது என்றால் அதே பக்கம் சில நூறு மீட்டர் உள்ளே தள்ளி. கோயில் குளம், ரிசார்ட் குட்டை, ‘அழகான’ வேறு காடு எதுவும் வேண்டாம். பழகாத இடத்தில் விட்ட ஆமை தன் பழைய இடத்தைத் தேடி அலையும். கடத்தலில் பிடிபட்ட, வீட்டிலிருந்து மீட்ட நட்சத்திர ஆமைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தன என்று தெரியாது, மைக்கோபிளாஸ்மா போன்ற மூச்சு நோய்க்கிருமி வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதை வனத்துறைதான் முடிவு செய்யும். 2019இல், காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு இந்த இனம் ஏற்றப்பட்டதே கடத்தல் அந்த அளவுக்குப் போனதால்தான்.

நட்சத்திர ஆமைக்கு மழை விழுந்து புல் துளிர்த்த வாரம் நல்லது. காலை எட்டு ஒன்பது மணி, பனி விலகிய பின். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் வனத்துறை வாட்சர் (காவலர்) இல்லாமல் போகாதீர்கள். தரை ஆமையைப் புதரின் நிழலில் வையுங்கள். தண்ணீர் ஆமையைக் கரையில், தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், தானே இறங்கட்டும். பத்தடி பின்வாங்கி, தலை வெளியே வரும்வரை பேசாமல் நில்லுங்கள். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் நகர்ந்துவிடும். அரை மணியாகியும் தலையை நீட்டாமல் கிடந்தால், பெட்டியில் எடுத்துவைத்துத் திரும்புங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். போய்விட்டதென்றால் நாள், நேரம், எடை, இடம் எழுதி, ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்த பழைய தாளோடு சேர்த்துவிடுங்கள்.